45,000 ரூபாய், கல்யாண ஆல்பம் வேலை, கொஞ்சம் வீடியோ: எந்த ப்ராசசர் எடுக்கலாம்?

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன், ஆறு வருஷமாக இதுதான் பிழைப்பு. உள்ளூரில் இரண்டு, பண்ருட்டியில் ஒன்று என மூன்று ஸ்டுடியோக்காரர்கள் வேலை கொடுக்கிறார்கள். இப்போதிருக்கும் மெஷின் ஐ3-4150, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி. ஆல்பம் வரைக்கும் எப்படியோ தாக்குப்பிடித்தது. இந்த வருஷம் வீடியோவையும் நீயே வெட்டிக் கொடுத்துவிடு என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், நல்ல காசு, விட மனசில்லை. ஆனால் பிரீமியரில் (வீடியோ வெட்டுகிற மென்பொருள்) ஃபைலை டைம்லைனில் இழுத்துப் போட்டதும் படம் உறைந்து நிற்கிறது, சத்தம் மட்டும் ஓடுகிறது. ஹார்டு டிஸ்க் மெதுவாக இருப்பதால் இப்படி என்று ஒருவர் சொன்னார். அதோடு விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் சப்போர்ட் முடிந்துவிட்டது, என் ப்ராசசருக்கு விண்டோஸ் 11 முறையாக ஏறாது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கை காலியாக இருக்கிறது. தை பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். மொத்தம் 45,000 சேர்த்து வைத்திருக்கிறேன், அதைத் தாண்டி வட்டிக்கு வாங்குவதாக இல்லை. மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் பழையதே போதும். ஒரு கடையில் ரைசன் 5 5600ஜி எடு என்கிறார்கள், இன்னொரு கடையில் ஐ5-12400எஃப் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள், யூடியூபில் பார்த்தால் ரைசன் 5 7600க்குக் கீழே எதையும் தொடாதே என்கிறார்கள். அக்கா பையன் லீவுக்கு வந்தால் வேலோரன்ட் விளையாடுவான், அது இரண்டாம்பட்சம். என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை 65:

தம்பி, என் ஓட்டு 5600ஜிக்குத்தான். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே வேகா 7 கிராஃபிக்ஸ் இருக்கிறது, கூலரும் பெட்டியோடு வரும். கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் காசில்லாதவர்களுக்கு 2021இல் இருந்து இதைத்தான் சொல்லி வருகிறேன், இதுவரை நான்கு பேருக்கு அசெம்பிள் செய்து கொடுத்திருக்கிறேன், நாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா பையன் விளையாடுவதற்கும் இன்டெல் கிராஃபிக்ஸை விட இது நன்றாகவே இருக்கும். ரேமை மட்டும் ஒன்றாகப் போடாதே, 8 ஜிபியாக இரண்டு குச்சி போடு. வேகாவுக்குத் தனியாக மெமரி கிடையாது, உன் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும், ஒற்றைக் குச்சியில் அந்த மெமரி வேகம் பாதிக்கு இறங்கிவிடும்.

ஒரே ஒரு குறை, எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற வேக மெமரி) 16 எம்பிதான், ஜி போடாத 5600இல் 32 எம்பி. பின்னால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போடுகிற ஆசை இருந்தால்தான் அது உறுத்தும்.

லாஸ்பேட்டை அக்கா:

நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன். 5600ஜி போர்டில் உட்காருகிற ஏஎம்4 சாக்கெட் 2017இல் முதல் ரைசனோடு நம் கைக்கு வந்தது, எட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்குப் புதிதாகக் காசு போடுகிற ஒருவர் ஏன் அதில் போட வேண்டும்? ஏஎம்5 2022இல்தான் வந்தது, 2027 வரைக்கும் அதற்குப் பிறகும் அதே சாக்கெட்டுக்குப் புது ப்ராசசர் விடுவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 போட்டால் நான்கு வருஷம் கழித்து ப்ராசசரை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். நான் வீட்டில் பையனுக்கு அப்படித்தான் எடுத்தேன்.

கஷ்டம் எங்கே என்றால் ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம்தான் வேண்டும். நான் வாங்கிய சமயம் ரேம் விலை படுத்துக்கிடந்தது. இப்போது 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கே ரேம் சிப்பெல்லாம் போகிறது, டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுமே ஏறிவிட்டன. மைக்ரான் கம்பெனி டிசம்பரில், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் குரூஷியல் பிராண்டையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. உங்கள் 45,000க்குள் 7600, போர்டு, டிடிஆர்5 மூன்றும் அடங்குமா என்று நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அடங்கினால் அதுதான் நல்லது.

கெடிலக்கரை:

ப்ராசசர் பேரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி, நண்பரே. ஸ்டுடியோக்காரர்கள் கொடுக்கிற வீடியோ ஃபைல் எந்த வகை? எந்தக் கேமரா என்று கேட்கவில்லை, ஃபைல். மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, இறக்கிப் போட்டு ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபார்மேட் என்று ஒரு வரி, குரோமா சப்சாம்ப்ளிங் என்று ஒரு வரி, பிட் டெப்த் என்று ஒரு வரி, பிட் ரேட் என்று ஒரு வரி. இந்த நான்கையும் இங்கே எழுதுங்கள். மூன்று ஸ்டுடியோவிலிருந்தும் ஒவ்வொன்று.

இது தெரியாமல் யார் என்ன ப்ராசசர் சொன்னாலும் குருட்டாம்போக்குதான், நான் சொன்னாலும்.

நெல்லிக்குப்பம்:

இவ்வளவு செலவே வேண்டாம் என்பது என் கருத்து. ஜியான் இ5-2680 வி4 என்று பழைய சர்வர் ப்ராசசர், 14 கோர், 28 திரெட், சைனா எக்ஸ்99 போர்டோடு ரேமோடு கிட்டாகவே வருகிறது. 45,000இல் பாதி கூட ஆகாது. எக்ஸ்போர்ட் பறக்கும்.

முத்தியால்பேட்டை 65:

நெல்லிக்குப்பம் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், பிழைப்புக்கு ஓடுகிற மெஷினில் அதைச் சொல்லாதீர்கள். 2016ஆம் வருஷத்துச் சிப் அது, ஒற்றைக் கோர் வேகம் இன்றைய ஐ3க்கே பக்கத்தில் வராது, ஃபோட்டோஷாப் பெரும்பாலும் அந்த ஒற்றைக் கோரைத்தான் நம்பி ஓடுகிறது. 120 வாட் ப்ராசசர் வேறு. உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, ஒரு கார்டு வாங்கியே ஆக வேண்டும். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. தை மாசம் முகூர்த்த நாளில் அந்தப் போர்டு போய்விட்டால் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவார் இவர்? சைனா போர்டுக்கு வாரன்டி என்று ஒன்று கையில் இருக்காது.

நெல்லிக்குப்பம்:

சரி அண்ணே, வாரன்டி விஷயம் நியாயம்தான். எனக்கு அது ரெண்டரிங் மட்டும் பண்ணுகிற மெஷின், அதனால் ஒத்துப்போகிறது. இவருக்கு வேண்டாம்.

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

கெடிலக்கரை அண்ணே, பார்த்துவிட்டேன். மூன்றும் ஒன்றாக இல்லை, நான் எல்லாம் எம்பி4 தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டுடியோ: எச்இவிசி, 4:2:2, 10 பிட், 200 எம்பிபிஎஸ், 4கே.
மஞ்சக்குப்பம் ஸ்டுடியோ: ஏவிசி, 4:2:0, 8 பிட், 100 எம்பிபிஎஸ், 4கே.
பண்ருட்டி ஸ்டுடியோ: ஏவிசி, 4:2:2, 10 பிட், 4கே. இவர்தான் அதிக வேலை கொடுப்பவர்.

கெடிலக்கரை:

அருமை. இப்போது பேசலாம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹார்டு டிஸ்க் கதையை முடித்துவிடுவோம். 200 எம்பிபிஎஸ் என்பது மெகா பிட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 25 எம்பி. ஒரு மணி நேர வீடியோ 90 ஜிபி வரும், இடம் நிறையப் பிடிக்கும், ஆனால் விநாடிக்கு 25 எம்பியைப் பழைய ஹார்டு டிஸ்க் கூட தூக்கத்தில் கொடுத்துவிடும். உங்களிடம் இருப்பது எஸ்எஸ்டி. ஆகவே படம் உறைவதற்கு டிஸ்க் காரணம் இல்லை.

காரணம் டிகோடிங். எச்இவிசி என்பது எச்.265. கேமரா அந்தப் படத்தைக் கசக்கிச் சின்னதாக மடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் 50 ஃபிரேமை விரித்துக் காட்ட வேண்டும், பெரும்பாலான ஃபிரேம்கள் முன்னும் பின்னும் இருக்கிற ஃபிரேமைப் பார்த்துத்தான் விரியும். இதை ப்ராசசரின் கோர்களை வைத்தும் செய்யலாம், கிராஃபிக்ஸுக்குள் இதற்கென்றே இருக்கிற தனிச் சுற்றை வைத்தும் செய்யலாம். தனிச் சுற்றுக்கு அது சின்ன வேலை. கோர்களுக்கு மூச்சு வாங்கும்.

இப்போது அந்த 4:2:2, 10 பிட் என்ற இடத்துக்கு வருவோம், இங்கேதான் எல்லாக் கடைக்காரர்களும் சறுக்குகிறார்கள். 4:2:2 என்றால் 4:2:0ஐ விட நிற விவரம் அதிகம், 10 பிட் என்றால் 8 பிட்டை விட நிறப் படிகள் அதிகம். எச்.265 என்றாலே இன்றைய சிப்பெல்லாம் விரிக்கும், ஆனால் பெரும்பாலானவை 4:2:0 மட்டும். 5600ஜியில் உள்ள வேகாவுக்கு 4:2:2 தெரியாது. 7600இல் உள்ள கிராஃபிக்ஸுக்கும் தெரியாது. என்விடியா கார்டிலேயே ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவற்றுக்குத் தெரியாது. இன்டெல்லின் உள்கிராஃபிக்ஸுக்கு 11ஆம் தலைமுறையிலிருந்தே தெரியும். குவிக் சிங்க் என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் உங்கள் ப்ராசசர் ஐ5-12400. கவனமாகப் படியுங்கள், 12400. எஃப் கிடையாது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த 12400எஃப்பில் கிராஃபிக்ஸை அணைத்துத்தான் விற்கிறார்கள், உங்களுக்கு வேண்டிய அந்த ஒரே சுற்றும் அதோடு போய்விடும். மானிட்டருக்குப் படம் வருவதற்கே தனிக் கார்டு வாங்க வேண்டி வரும். ஒரு எழுத்துதான், ஆனால் உங்கள் வேலை முழுக்க அந்த எழுத்தில் இருக்கிறது.

ஆறு கோர், பன்னிரண்டு திரெட், எல்லாமே பெரிய கோர். யுஎச்டி 730 கிராஃபிக்ஸ். 15,000க்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். விலை கைமீறிப் போனால் ஐ3-12100க்கு இறங்கலாம், அதிலும் இதே யுஎச்டி 730தான், வீடியோ இதே மாதிரிதான் ஓடும். கோர் நான்கு என்பதால் எக்ஸ்போர்ட் மட்டும் இழுக்கும். 12500 எங்காவது புதிதாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், அதில் யுஎச்டி 770, வீடியோச் சுற்று இரண்டு இருக்கிறது.

பண்ருட்டி ஃபைல் பற்றி ஒரு கெட்ட செய்தி. ஏவிசி என்றால் எச்.264. எச்.264இல் 4:2:2 10 பிட்டை இந்த 12ஆம் தலைமுறைக் குவிக் சிங்க்காலும் விரிக்க முடியாது, கோர்கள்தான் சுமக்க வேண்டும். அவரிடம் இருப்பது சோனி கேமராவா? ஏ7 4 மாதிரி ஏதாவது என்றால் மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ், எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று இரண்டு இருக்கும். எஸ் என்பது எச்.264, எச்எஸ் என்பது எச்.265. அடுத்த கல்யாணத்திலிருந்து எச்எஸ் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படத்தின் தரம் குறையாது, அவருக்கு ஒரு பைசா செலவில்லை.

முத்தியால்பேட்டை 65:

கெடிலக்கரை சொன்னதைப் படித்தபின் என் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் அசெம்பிள் செய்த நாலு பேரும் டிடிபி, அக்கவுன்ட்ஸ் வேலை செய்பவர்கள், ஒருவர் படிக்கிற பையன். 4:2:2 என்கிற விஷயமே அங்கே வரவில்லை. தம்பிக்கு 12400தான்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்4இல் பின் எல்லாம் ப்ராசசர் அடியில் இருக்கும். போன கோடையில் என் சொந்த மெஷினில் தூசி தட்ட கூலரைக் கழற்றினேன், பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, லிவர் பூட்டியபடியே இருக்க ப்ராசசரும் கூலரோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஓரத்தில் ஏழு பின் சாய்ந்துவிட்டது. மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை ஒவ்வொரு பின்னிலும் செருகி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு மணி நேரம் நிமிர்த்தினேன். ஓடியது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் வர வேண்டாம். ஏஎம்4 வைத்திருப்பவர்கள் மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகியபின் தூக்குங்கள். இன்டெல்லில் பின் போர்டில் இருக்கிறது, மேலே தகடு பூட்டிப் பிடித்திருக்கும், இந்தப் பயம் இல்லை.

வேறொரு சந்தேகம். இன்டெல் 13, 14 எல்லாம் கெட்டுப்போகிறது என்று பேசினார்களே, அது 12க்கும் உண்டா?

கெடிலக்கரை:

இல்லை அண்ணே. அது 13, 14ஆம் தலைமுறையில், முக்கியமாக அதிகம் மின்சாரம் குடிக்கும் மேல்மட்ட மாடல்களில் வந்த வோல்டேஜ் கோளாறு. 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் 0x129 என்ற திருத்தத்தை விட்டார்கள், அதன் பின்னாலும் விட்டார்கள், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கினார்கள். 12ஆம் தலைமுறை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

லாஸ்பேட்டை அக்கா:

வீடியோ விஷயத்தில் கெடிலக்கரை சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அந்த 4:2:2 விவரம் தெரிந்திருக்கவில்லை. ஆனால் 12400 உட்காருகிற எல்ஜிஏ1700 முடிந்துபோன சாக்கெட் என்பதை இவரிடம் மறைக்கக்கூடாது. 2024 அக்டோபரிலேயே இன்டெல் அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விட்டது. நாளைக்கு மேலே ஏற வேண்டுமானால் ஐ7-12700 மாதிரி அதே சாக்கெட்டுக்கு ஏற்கெனவே வந்த ஒன்றைத் தேடுவதுதான் வழி.

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் ஐ3 2014ஆம் வருஷத்து மாடல், இன்னும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு வருஷத்தில் ப்ராசசர் மாற்றுகிற ஆள் இல்லை நான். இந்தத் தடவையும் ஏழெட்டு வருஷம் ஓட்டுவேன்.

லாஸ்பேட்டை அக்கா:

அப்படியென்றால் 12400 சரி. வாங்கிய காசுக்கு முழுக்க உழைக்க வைக்கிறவர்களுக்கு அப்கிரேட் பாதை தேவையில்லை. ரேமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், 8+8 போடுங்கள்.

கெடிலக்கரை:

ரேமில் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. ஆல்பக்காரருக்கு ரேமின் வேகத்தை விட அளவுதான் முக்கியம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12க்கு 36 ஆல்பம் ஷீட், 300 டிபிஐ என்றால் 3,600க்கு 10,800 பிக்ஸல். ஏறக்குறைய 3.9 கோடி பிக்ஸல், ஒரு பிக்ஸலுக்கு மூன்று பைட், ஒரு முழு லேயரே நூறு எம்பியைத் தாண்டிவிடும். பின்னணி, மாஸ்க், பொண்ணு மாப்பிள்ளை தனித்தனி, பூ, நிழல் என்று பதினைந்து லேயர் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். ஹிஸ்டரி வேறு தின்னும். நாளைக்கு பிரீமியரும் சேர்ந்து திறந்திருக்கும்.

அவர் பட்ஜெட்டுக்கு எச்610 போர்டுதான் வரும், அதில் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. 8+8 போட்டால் நாளைக்கு ஏற்ற வழியில்லை, இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். இன்றைய விலையில் 16 ஜிபி டிடிஆர்4 ஒற்றைக் குச்சி ஒன்று, தை மாசக் காசு வந்ததும் இன்னொரு 16. இடைப்பட்ட காலத்தில் வேலோரன்ட்டில் ஃபிரேம் கொஞ்சம் குறையும், ஆல்பத்துக்கோ வீடியோ ஓடுவதற்கோ பெரிதாகத் தெரியாது.

லாஸ்பேட்டை அக்கா:

சம்பாதிப்பது ஆல்பம், வேலோரன்ட் இல்லை என்றால் சரி. ஆனால் விலை ஏறிக்கொண்டே போனால் அந்த இரண்டாவது 16 எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நானாக இருந்தால் 8+8 தான்.

தேவனாம்பட்டினம் உப்புக்காற்று:

ப்ராசசரைப் பற்றி மேலே எல்லாம் சொல்லிவிட்டீர்கள். நான் கரன்டையும் காற்றையும் பற்றிச் சொல்கிறேன், நம் ஊரில் மெஷின் சாவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

பழைய யுபிஎஸ் என்றீர்கள். 600 விஏ என்று போட்டிருந்தால் 360 வாட் தாங்கும். 12400 சாதாரணமாக 65 வாட், முழுப் பலத்தில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் மானிட்டரோடு சேர்த்தே 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆக யுபிஎஸ் போதும், உள்ளே இருக்கிற பேட்டரி போதுமா என்பதுதான் கேள்வி. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். நல்ல பேட்டரியில் பத்துப் பதினைந்து நிமிஷம் கிடைக்கும், எக்ஸ்போர்ட்டை நிறுத்தி ப்ராஜெக்ட்டைச் சேவ் பண்ண அது தாராளம். வாங்கியதும் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான யுபிஎஸ்ஸில் சைன் அலை சுத்தமாக வராது, சில புது பவர் சப்ளைகள் அதை ஒத்துக்கொள்ளாமல் அந்த நொடியே அணைந்துவிடும். அதைக் கல்யாண வேலைக்கு நடுவில் கண்டுபிடிக்கக்கூடாது. பவர் சப்ளை 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் போதும், பெயர் தெரியாத பெட்டி வேண்டாம்.

அடுத்து உப்புக்காற்று. என் வீட்டு வாசலிலிருந்து அலைச் சத்தம் கேட்கும். ஒன்றரை வருஷத்தில் கேபினட் திருகெல்லாம் துருவேறிவிட்டது. ஒரு நாள் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை. ரேமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறக் கால்களில் பச்சையாக ஒரு மங்கல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, பிரஷ்ஷால் தட்டிவிட்டுச் செருகினேன், படம் வந்தது. அப்போதிலிருந்து ஜன்னல் பக்கம் கேபினட்டை வைப்பதில்லை. வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓடவிடுகிறேன், அந்தச் சூட்டுக்கே ஈரம் ஓடிவிடும்.

தரையில் வைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 40 செ.மீக்கு மேல் கொட்டியது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் எத்தனை தெருவுக்குள் புகுந்தது என்று பார்த்தீர்கள்தானே. எங்கள் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் மேஜைக்கு அடியில் இருந்த சிபியுவை அப்படியே இழந்தார்.

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

யுபிஎஸ் பேட்டரி நான்கு வருஷம் ஆகிறது, மாற்றிவிடுகிறேன். இனி எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வரலாமா, இல்லை பாண்டியிலேயேவா? முன்பெல்லாம் பாண்டியில் வரி குறைவு, விலையும் குறையும் என்பார்கள்.

முத்தியால்பேட்டை 65:

அது பழைய கதை தம்பி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இங்கேயும் 18 சதவீதம், அங்கேயும் 18 சதவீதம். விலை வித்தியாசம் கடைக்குக் கடை இருக்குமே தவிர ஊருக்கு ஊர் இல்லை. ரிச்சி தெருவில் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு குறையலாம், போக வர பஸ்ஸிலும் சாப்பாட்டிலும் ஒரு முழு நாளிலும் அது கரைந்துவிடும். ஏதாவது கோளாறு என்றால் மறுபடி அங்கே ஓட வேண்டும். பாண்டி உனக்கு ஒரு மணி நேரம்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. நான் ஒரு தடவை ஒரு கடையில் ப்ராசசர் வாங்கினேன், பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறையில் கொடுத்தார்கள், விலை குறைத்துத் தருகிறோம், மூன்று வருஷம் வாரன்டி நாங்களே தருகிறோம் என்றார்கள். ஒன்றரை வருஷத்தில் கடையே இல்லை. ட்ரே என்பார்கள் அதை, மொத்தமாக மெஷின் செய்கிற கம்பெனிகளுக்குப் போக வேண்டிய சரக்கு. சிப் நல்ல சிப்தான், ஆனால் கம்பெனியின் மூன்று வருஷ வாரன்டி நம் கைக்கு வராது. பெட்டியோடு வாங்கு. கவுன்டரிலேயே பிரிக்கச் சொல்லி, பெட்டி லேபிளில் இருக்கிற பேட்ச் நம்பரும் சிப் மூடியில் பொறித்திருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார். பில்லில் 12400 என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், பின்னால் எஃப் ஒட்டியிருக்கக் கூடாது.

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

எல்லோருக்கும் நன்றி, வாங்கிவிட்டேன். பாண்டியில்தான். ஐ5-12400 பெட்டியோடு, எச்610 டிடிஆர்4 போர்டு, 16 ஜிபி ஒற்றைக் குச்சி, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 450 வாட் பிரான்ஸ் பவர் சப்ளை, சின்ன கேபினட். மொத்தம் 43,600. மீதியில் யுபிஎஸ் பேட்டரி. கடையில் முதலில் எஃப்பைத்தான் எடுத்து வைத்தார்கள், எஃப் இல்லாதது 2,500 கூட ஆகும், எதற்கு வீண் செலவு, ஒரு கார்டு பின்னால் போட்டுக்கொள்ளலாமே என்றார்கள். ஃபோனில் கெடிலக்கரை அண்ணன் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டே இல்லை, இதுதான் வேண்டும் என்றேன். நம்பர் இரண்டும் ஒத்துப்பார்த்தேன்.

ஆனால் ஒரு சிக்கல். திருப்பாதிரிப்புலியூர் ஃபைல் இதிலும் திக்குகிறது. பழையது மாதிரி உறையவில்லை, ஆனால் விட்டு விட்டு வருகிறது. மனசு கொஞ்சம் உடைந்துவிட்டது.

கெடிலக்கரை:

உடைய வேண்டாம். பிரீமியரில் எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், மீடியா. அங்கே ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங் என்ற இடத்தில் இன்டெல் என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் போட்டுவிட்டு பிரீமியரை மூடித் திறங்கள். இன்டெல் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதிதாகப் போடுங்கள், விண்டோஸ் தானாகப் போட்டது பழையதாக இருக்கும். பிறகு டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள், வீடியோ டிகோட் என்ற கட்டத்தில் கோடு மேலே ஏற வேண்டும். ஏறாமல் தரையோடு கிடந்தால் இன்னும் கோர்கள்தான் சுமக்கின்றன என்று அர்த்தம்.

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

அண்ணே, டிரைவர்தான். போட்டதும் அந்த டிக் தானாக வந்துவிட்டது. வீடியோ டிகோட் கோடு ஏறியது, ப்ராசசர் கோடு இருபதுக்குக் கீழே இறங்கியது. தாலி கட்டுகிற இடத்தில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், கை போகிற வேகத்துக்குப் படமும் கூடவே வருகிறது. ஆறு வருஷத்தில் என் திரையில் இப்படிப் பார்த்ததே இல்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பண்ருட்டிக்காரரிடமும் பேசிவிட்டேன். சோனிதான், எச்எஸ்ஸுக்கு மாற்றி எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஏற்கெனவே கார்த்திகையில் எடுத்த இரண்டு கல்யாணம் பழைய எச்.264 ஃபைலாகவே என்னிடம் இருக்கிறது, அது திக்கத்தான் செய்கிறது. அதற்கு என்ன வழி?

கெடிலக்கரை:

அந்த இரண்டுக்கும் ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் ஒரு லேசான நகல், போட்டுவிடுங்கள். ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்சீஸ். புரோரெஸ் ப்ராக்ஸி, கால் அளவு. ராத்திரி படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும், வெட்டும்போது சின்ன ஃபைல் ஓடும், எக்ஸ்போர்ட் பண்ணும்போது அசல் ஃபைலே போகும். ப்ராக்ஸியை என்விஎம்இயில் வைக்காதீர்கள், 500 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், பழைய மெஷினில் இருந்த அந்த சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி இதில் மாட்டி அதில் வையுங்கள்.

தேவனாம்பட்டினம் உப்புக்காற்று:

ராத்திரி ஓடவிடுவதற்கு முன்னால் யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

மஞ்சக்குப்பம் ஆல்பம்:

இப்போதுதான் பிடுங்கினேன் அண்ணே. அணையவில்லை, பதினொரு நிமிஷம் நின்றது. எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.